படம் நிற்கிற இடம்

உட்காருங்கள் தம்பி. மாடியைப் பிறகு காட்டுகிறேன். இரண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, தண்ணீர் வரும். அவ்வளவுதான் மாடி. யார் வீட்டுக்குக் குடிவருகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புரோக்கர் என்ன சொன்னான்? 'டிரில் சார் கொஞ்சம் கோபக்காரர்' என்றானா? கொஞ்சமாம். எட்டாம் வகுப்பில் என்னிடம் பிரம்படி வாங்கியவன் அவன். பயம் இன்னும் போகவில்லை.

ஆமாம், டிரில் வாத்தியார். முப்பத்தொரு வருஷம். இந்த அருப்புக்கோட்டையில் நாற்பது வயதைத் தாண்டிய ஆம்பிளைகளில் பாதிப் பேர் என் கையால் வாங்கியவர்கள். ரோட்டில் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அது மரியாதை.

அந்த அலமாரியைத்தானே பார்க்கிறீர்கள்? வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். படங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். கீழ்த்தட்டு முழுக்க கேசட், நடுவில் வி.சி.டி., மேலே டி.வி.டி. ஒரு பழைய படம் புதிதாக டிஸ்க்கில் வந்தால் அந்த வாரமே இந்த வீட்டுக்கு வந்துவிடும். கேசட்டில் இருப்பது வி.சி.டி.யில் வந்தால் வாங்குவேன். வி.சி.டி.யில் இருப்பது டி.வி.டி.யில் வந்தால் அதையும் வாங்குவேன். 'புதுப்பொலிவுடன்' என்று அட்டையில் போட்டால் அதையும். எதில் பாட்டை வெட்டியிருக்கிறான், எதில் ரீல் மாறி ஒட்டியிருக்கிறான், கேளுங்கள், சொல்கிறேன். வேண்டாம், கேட்காதீர்கள். நேரமாகும்.

போனிலேயே கிடைக்கிறதே என்பீர்கள். பிஸ்கட் அளவில் ஒரு திரை. நடுநடுவே பற்பசை விளம்பரம். அது படமா?

ஒரு படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 'பொன்னூர் ஜமீன்.' அறுபத்து மூன்றில் வந்தது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஜமீன்தார், அவர் மனைவி, கோள் மூட்டுகிற மைத்துனன். ஜமீனுக்கு மனைவி மேல் சந்தேகம் வருகிறது. கடைசி முக்கால் மணியில் ஒரு காட்சி. ஜமீன் மாடிப்படியில் இறங்கி வருகிறார். இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவுகிறார். இசை நின்றுவிடும். அதைக் கவனிக்கவேண்டும். இசையே கிடையாது, பெல்ட் சத்தம் மட்டும்தான். பதினோரு அடி. அந்த அம்மா வாயைத் திறக்காது. பதினோராவது அடி விழுந்ததும் ஊர்ந்து வந்து ஜமீன் காலைப் பிடித்துக்கொண்டு, 'உங்கள் கை வலிக்குமே' என்று கேட்கும்.

தியேட்டரே எழுந்து கைதட்டும் தம்பி.

எனக்குக் கல்யாணம் ஆன ஏழாம் நாள் அந்தப் படம் மறுபடி ஊருக்கு வந்தது. செண்பகவடிவைக் கூட்டிப்போனேன். செண்பகவடிவு என் மனைவி. அப்போது பதினெட்டு வயது. அந்தக் காட்சி வந்தது. விசில், கைதட்டல். திரும்பிப் பார்த்தால் இவள் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். "நிமிந்து பாருடி, குடும்பம்னா இதான்" என்றேன். பார்த்தாள். எனக்குக் குடும்பம் நடத்தச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்தப் படம்தான் சொல்லிக்கொடுத்தது.

எண்பத்தெட்டில் வீடியோ டெக் வாங்கினேன். அந்த வருஷமே பொன்னூர் ஜமீன் கேசட்டில் வந்தது. அன்று தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போடுவேன். இவளைப் பக்கத்தில் தரையில் உட்காரவைப்பேன். அந்தக் காட்சி முடிந்ததும் உடம்பில் ஒரு முறுக்கு ஏறும். அந்த வாரம் வீட்டில் நடந்த தப்பெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். உப்புக் கூடிய குழம்பு. மடிக்காத சட்டை. எதிர்வீட்டுக்காரியோடு வாசலில் சிரிப்பு. கை தானாக எழும். நான் பெல்ட்டெல்லாம் எடுக்கமாட்டேன். பள்ளிக்கூடத்துப் பிரம்புதான். எனக்கு எண்ணிக்கை தவறாது. ஒன், டூ, த்ரீ.

என்ன முகத்தைச் சுளிக்கிறீர்கள்? எந்த வீட்டில் நடக்கவில்லை? உங்கள் அப்பாவைக் கேட்டுப்பாருங்கள்.

பத்து வருஷம் கேசட் ஒழுங்காக ஓடியது. தொண்ணூற்றெட்டில் நாடா அறுந்துவிட்டது. சரியாக அந்த இடத்தில். ஒட்டிப் பார்த்தேன். ஜமீன் படியில் இறங்குகிறார், அடுத்த நொடி அந்த அம்மா கட்டிலில் படுத்திருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. அதே மாசம்தான் இவளுக்குக் கையும் முறிந்தது. இடது கை, முழங்கைக்குக் கீழே. துவைக்கிற கல்லில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதினோம். எலும்பு சரியாகச் சேரவில்லை. இன்றைக்கும் நீட்ட வராது. எல்லாம் ஒரே மாசத்தில். வீட்டுக்கு நேரம் சரியில்லை.

இரண்டாயிரத்தில் வி.சி.டி. வந்தது. மூன்று டிஸ்க். என் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாமான் எது வந்தாலும் ஒரு நாள் சாமி முன்னால் இருக்கவேண்டும். சைக்கிளானாலும் சரி, டிஸ்க்கானாலும் சரி. வியாழக்கிழமை இவள் கையில் கொடுப்பேன். பிரித்துப் பூஜை அலமாரியில் வைப்பாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றி, உறையில் மஞ்சள் குங்குமம் வைத்து எடுத்துக்கொடுப்பாள். அப்புறம்தான் ஓட்டுவேன். நடுவில் வேறு எவன் கையும் படாது. அவ்வளவு சுத்தம்.

முதல் டிஸ்க் ஓடியது. இரண்டாவது ஓடியது. மூன்றாவது ஓடவே இல்லை. போட்டால் கர்ர் என்று ஒரு சத்தம். வெளியே துப்பிவிடும்.

கம்பெனிக்காரனின் கவனக்குறைவு என்று விட்டுவிட்டேன். நாலு வருஷம் காத்திருந்தேன். டி.வி.டி. வந்தது. பூஜை போட்டு ஓட்டினேன். காட்சிக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒரு பாட்டு வரும், அதில் நின்றுவிட்டது. அந்த அம்மா வீணையும் கையுமாக அப்படியே உறைந்து நிற்கிறது. அப்புறம் கட்டங்கட்டமாகச் சிதறியது. கம்பெனிக்கு எழுதினேன். 'பாட்டைக் கெடுத்துவிட்டீர்கள்.' பதில் இல்லை. ஆனால் படித்திருக்கிறான். இரண்டாயிரத்து எட்டில் 'புதுப்பொலிவுடன்' என்று மறுபடி வெளியிட்டான் பாருங்கள், பாட்டு சுத்தமாக ஓடியது. ஜமீன் படியில் இறங்கினார். பெல்ட்டில் கை வைத்தார். நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு வருகிறான், கடைசி ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் பொறுமை போய்விட்டது. கிரிக்கெட் ஸ்டம்பு ஒன்று வீட்டில் கிடந்தது. எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனேன்.

ரெங்கமன்னார் கடை. அவன்தான் எனக்கு எல்லா டிஸ்க்கும் கொடுத்தவன். அவனும் என் மாணவன். தடித்த ஆள், எப்போதும் சிரித்த முகம்.

"வாங்க சார். கையில என்ன ஸ்டம்ப்பு? மேட்ச்சா?"

"மேட்ச்தான். நீதான் பந்து."

"என்ன சார் ஆச்சு?"

டிஸ்க்கை அவன் முகத்தில் எறிந்தேன். அவன் அதே கட்டிலிருந்து இன்னொன்றை உரித்துக் கடை டிவியில் போட்டுக் காட்டினான். ஓடியது. பதினோரு அடியும் ஓடியது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"தண்ணி மாதிரி ஓடுது பாருங்க சார்."

"அப்ப நல்லதை நீ வச்சுக்கிட்டு நொள்ளையை எனக்குக் குடுத்திருக்க."

"அய்யோ சார், இதையே எடுத்துக்குங்க. உங்க கண்ணு முன்னாலதான ஓடுச்சு?"

சரியென்று வாங்கிவந்தேன். நான் நியாயமான ஆள். வியாழக்கிழமை இவள் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை குங்குமம் வைத்து எடுத்துக்கொடுத்தாள். போட்டேன். ஜமீன் இறங்கினார். பெல்ட். நின்றது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள், கோபம் யார் மேல் வரும்?

மறுபடி ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். முதல் போட்டில் கடை டிவி போயிற்று. இரண்டாவதில் கண்ணாடி அலமாரி. ரெங்கமன்னார் கையை நீட்டி மறித்தான். விரல்கள் மேல் போட்டேன். இரண்டு விரல் சத்தம் கேட்டது. உடைகிற சத்தம் எனக்குத் தெரியும். தரையில் உட்கார்ந்துவிட்டான். மூக்கில் ஒன்று.

"சார், ஆறாப்புல வாங்குனதே இன்னும் வலிக்குது சார், விட்டுருங்க சார்!"

"அன்னைக்கு ஒழுங்கா வாங்கியிருந்தா இன்னைக்கு ஏமாத்துவியாடா?"

நாலு பேர் வந்து பிடித்த பிறகுதான் விட்டேன். அவன் புகார் கொடுக்கவில்லை. குற்றம் செய்தவன் எப்படிக் கொடுப்பான்? மோதிர விரல் மடங்காமலே போய்விட்டது. கொஞ்ச நாளில் கடையையும் மூடிவிட்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் இவள் வெந்நீர் போட்டு வைத்திருந்தாள். என் சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும் கேட்டாள்: "யாரோடது?" சொன்னேன். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு நாளும் இவள் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இளகின மனசு. அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடத்தான் இருந்தது. கை ஓய்ந்திருந்தது, விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லவேண்டும். காட்சி ஓடாத வெள்ளிக்கிழமைகளில் வீடு அமைதியாகத்தான் இருந்தது. கோபமெல்லாம் கடைக்கும் கம்பெனிக்குமே சரியாகிவிடும். ஆனால் அமைதி வேறு, ஒழுங்கு வேறு.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில் படத்துக்குப் பொன்விழா. ஐம்பது வருஷம். கம்பெனிக்காரன் பொன்விழாப் பதிப்பு போட்டான். தங்க நிற அட்டை. கடைதான் இல்லையே, தபாலில் வரவழைத்தேன். சாமி முன்னால் வைத்தேன். நின்றது. இன்னொன்று வரவழைத்தேன். நின்றது. சிவப்பு மையில் கடிதம் எழுத ஆரம்பித்தேன். வாரம் ஒன்று. கடைசிக் கடிதம் இரண்டே வரி: 'ஆளை அனுப்பு. அனுப்பாவிட்டால் நான் வருவேன், வெறுங்கையோடு வரமாட்டேன்.'

ஆள் வந்தான். போன வருஷம், ஆடி மாசம். பெயர் எட்வின். நாற்பது வயது இருக்கும். கண்ணாடி போட்டவன். நோஞ்சான் இல்லை, என்னைவிட ஒரு சாண் உயரம். மதுரைக்கு வேறு வேலையாக வந்தவனை அப்படியே இங்கேயும் போய்வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் இருக்கிற நாற்காலியில்தான் உட்கார்ந்தான்.

"சார், முப்பத்தேழு லெட்டர் போட்டிருக்கீங்க. ஆபீஸ்ல உங்க லெட்டருக்குன்னே தனி ஃபைல் இருக்கு சார்" என்று சிரித்தான்.

"சிரிக்காத. டிஸ்க்கைப் பாரு."

எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பையிலிருந்து லென்ஸ் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தான். செண்பகவடிவு காபியோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது கம்பெனி தப்பு இல்ல. இது யாரோ கையால கீறினது. ஊசியோ ஊக்கோ வச்சு. பாருங்க, எல்லாத்துலயும் ஒரே மாதிரி வளைவு. வேணும்னே, எடம் பாத்து..."

"எவன் கீறினான்?"

"வீட்டுல வேற யாரு சார் இருக்காங்க?"

"நானும் இவளும்தான்."

டம்ளர் தட்டில் கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. எட்வின் நிமிர்ந்து இவளைப் பார்த்தான். காபி அவள் கையிலெல்லாம் வழிகிறது, சுடுகிறது, அவளுக்கு அது தெரியவே இல்லை. எழுந்து போய்த் தட்டை வாங்கினான். அவளுடைய இடது கையைப் பார்த்தான்.

"கைக்கு என்னாச்சும்மா?"

"விழுந்துட்டேன் தம்பி."

"எப்ப?"

"எப்பவோ."

அவள் முகத்தைப் பார்த்தான். கழுத்தில் என்னவோ இருந்தது, பழைய தழும்பு, அதைப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். டிஸ்க்கை மறுபடி கையில் எடுத்தான். பார்க்கவே இல்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தான்.

"சார், நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். இது எங்க மிஷின் தப்புதான்."

"ஊக்குன்ன?"

"மிஷின்ல ஒரு முள் இருக்கு சார். அது தேஞ்சு போனா இப்படித்தான் கீறும். ஒரே எடத்துல கீறும். எல்லாம் எங்க தப்பு. வீட்டுல யாருக்கும் சம்பந்தம் இல்ல."

"அப்ப இவ்வளவு நேரம் பொய் சொன்ன."

"ஆமா சார். பொய்தான் சொன்னேன்."

பார்த்தீர்களா? என் வீட்டில் உட்கார்ந்து, என் பெண்டாட்டி போட்ட காபியை வாங்கிக்கொண்டு, என் வீட்டு ஆள்மேலேயே பழியைப் போடப் பார்த்தான். ஓங்கி ஒரு அறை. கண்ணாடி பறந்து அந்த மூலையில் விழுந்தது. உதடு கிழிந்துவிட்டது. அவன் திருப்பிக் கொடுத்திருந்தால் நான் சுவரில் போய் ஒட்டியிருப்பேன். கொடுக்கவில்லை. குற்றம் செய்தவனுக்குக் கை எழாது.

"முட்டி போடுடா."

போட்டான். நாற்பது வயது ஆள், பேன்ட் சட்டையோடு, இந்தத் தரையில்.

"எந்திரிங்க தம்பி! எதுக்குத் தம்பி நீங்க..." என்று இவள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"நீங்க உள்ள போங்கம்மா. ஒண்ணும் பேசாதீங்க. ஒண்ணுமே பேசாதீங்க" என்றான் அவன்.

இன்னொரு அறை. என் பெண்டாட்டிக்கு உத்தரவு போட அவன் யார்?

காகிதம் கொடுத்தேன். முட்டி போட்டபடியே எழுதினான். 'டிஸ்க்கில் உள்ள கீறல்கள் முழுக்க முழுக்க எங்கள் இயந்திரத்தின் குறை. வீட்டில் உள்ளவர்களுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.' கீழே கையெழுத்து. பிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன் பாருங்கள், அலமாரிக்கு மேலே. ஓரத்தில் ஒரு ரத்தச் சொட்டு இருக்கும். அது அவன் உதட்டில் இருந்து விழுந்தது.

போகும்போது இவள் வாசல்வரை போனாள். அவன் என்னவோ ஒரு அட்டையை அவள் கையில் கொடுத்தான். கம்பெனி விலாசமாக இருக்கும்.

அடுத்த வாரம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பொன்விழாப் பதிப்பு, சீல் வைத்தது. வந்தது வியாழக்கிழமை. வழக்கம்போல இவளிடம் நீட்டினேன்.

"சாமிகிட்ட வையி."

"வைக்கல."

"என்னடி?"

"வைக்கமாட்டேன். இப்பவே போடுங்க. ஓடும்."

"நாளைக்குத்தான் வெள்ளி."

"இன்னைக்கே ஓடும். போடுங்க."

நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'மாட்டேன்' என்று ஒரு வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். எனக்கும் ஆசை தாங்கவில்லை. சீலைக் கிழித்துப் போட்டேன். அவள் தரையில் உட்காரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பாட்டு ஓடியது. ஜமீன் இறங்கினார். பெல்ட். இசை நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்று. பதினாறு வருஷம் கழித்து என் வீட்டில் முழுசாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'உங்கள் கை வலிக்குமே' என்று அந்த அம்மா கேட்டது. இவள் பக்கம் திரும்பினேன். தலை குனியவில்லை.

"அந்தம்மா மேல ஒரு அடிகூடப் படல" என்றாள். "பெல்ட்டு தரையில விழுது, நல்லாப் பாருங்க. சத்தத்தைத் தனியாச் சேத்திருக்கான். படாத அடிக்குச் சம்பளமும் வாங்கியிருக்கும்."

"வாயை மூடு."

"மூடித்தான் இருந்தேன். டிஸ்க்கைக் கீறினது நான்தான். கேசட்டை அறுத்ததும் நான்தான், கை ஒடிஞ்ச மாசம். நீங்க வாக்கிங் போற நேரமெல்லாம் போட்டுப் போட்டுப் பாத்தேன். சரியான எடத்தைக் கண்டுபிடிக்க மூணு டிஸ்க் ஆச்சு. தாலியில கோத்திருக்கேன்ல ஊக்கு, இதாலதான் கீறினேன். சாமி முன்னால வச்சே கீறினேன். ரெங்கமன்னாரு வெரலு என்னால போச்சு. அந்தத் தம்பி முட்டி போட்டதும் என்னால. மூணாவதா ஒருத்தன் எனக்காக வாங்க வேண்டாம்."

நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? ரிமோட்டில் எது பச்சை எது சிவப்பு என்று தெரியாதவள் டிஸ்க்கில் இடம் பார்த்துக் கீறினாளாம். கம்பெனிக்காரனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அவன் அடி வாங்கியதைப் பார்த்து மனசு இளகிவிட்டது, பழியைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். அந்தப் படத்து அம்மாவும் இதைத்தான் செய்யும், க்ளைமாக்ஸில். அத்தனை வருஷம் உட்காரவைத்துக் காட்டியது வீண்போகவில்லை என்று ஒரு பக்கம் சந்தோஷம்கூட.

இருந்தாலும் பொய் பொய்தானே. கையை ஓங்கினேன்.

பிடித்துக்கொண்டாள். அந்த நீட்ட வராத இடது கையால். எனக்கு அன்றைக்குத் தோளில் பிடிப்பு. எட்வினை அறைந்ததில் வந்தது. இல்லாவிட்டால் ஒரு பொம்பளை பிடித்து என் கை நிற்குமா? என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விட்டாள். உள்ளே போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தாள். முன்னாலேயே கட்டி வைத்திருக்கிறாள்.

"நில்!" என்று கத்தினேன்.

தம்பி, அந்தக் குரலுக்கு ஆயிரம் பிள்ளைகள் நிற்கிற மைதானம் அசையாமல் நிற்கும். அவள் நிற்கவில்லை. செருப்பை மாட்டினாள், தெருவில் இறங்கினாள், பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்தாள். அவளும் கூப்பிடவில்லை.

மதுரையில் இருக்கிறாளாம். வேலைக்குப் போகிற பெண்கள் தங்குகிற விடுதி ஒன்றில் சமையல். எட்வின் கொடுத்த அட்டையில் இருந்த விலாசமாம், அவனுடைய அக்கா நடத்துகிறாளாம். புரோக்கர்தான் விசாரித்துச் சொன்னான். கோபம் தணிந்தால் வருவாள். பதினோரு மாசம் ஆகிறது. எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவள் போன பிறகு பொன்னூர் ஜமீனின் எல்லாப் பதிப்பையும் மறுபடி தேடி வரவழைத்தேன். வி.சி.டி., முதல் டி.வி.டி., புதுப்பொலிவு, எல்லாம். வெள்ளிக்கிழமை நானே விளக்கேற்றி நானே குங்குமம் வைத்து ஓட்டினேன். எல்லாம் ஓடுகிறது! ஒன்றுகூட நிற்கவில்லை. பாட்டு ஓடுகிறது, படிக்கட்டு ஓடுகிறது, பதினொன்றும் விழுகிறது. இரண்டே இரண்டு அறை. ஒரு கம்பெனியே திருந்திவிட்டது. பழைய சரக்கைக்கூட மாற்றிவிட்டான் போலிருக்கிறது.

படம் முடிந்ததும் உடம்பு முறுக்கேறும். அது மட்டும் மாறவில்லை. கை எழும். போன வெள்ளிக்கிழமையும் எழுந்தது. வீட்டில் யாரும் இல்லை. சமையல்கட்டுக் கதவில் விட்டேன். பழைய தேக்குக் கதவு. மணிக்கட்டில் சத்தம் கேட்டது, அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் என்று சொன்னேனே. மாவுக்கட்டு ஆறு வாரம் இருக்கவேண்டுமாம். இடது கையால் அரிசி களைய வரவில்லை. நேற்று சோற்றுப் பானையைக் கவிழ்த்துவிட்டேன். தரையில் உட்கார்ந்து அள்ளினேன்.

அதனால்தான் மாடியை விடுகிறேன். வாடகை வேண்டாம். உங்கள் வீட்டம்மா இரண்டு வேளை கீழே வந்து சோறு வைத்துவிட்டுப் போனால் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருந்து ஒரு படமும் பார்க்கலாம். நல்ல படம். குடும்பப் பெண்கள் பார்க்கவேண்டிய படம்.

எழுந்துவிட்டீர்களே? மாடி இந்தப் பக்கம்.

வேண்டாமா? ஏன்? உங்கள் வீட்டம்மாவைக் கூட்டிவந்து ஒரு தடவை மாடியைக் காட்டுங்கள். மாட்டீர்களா? அவரை இந்த வாசற்படி மிதிக்கவிடமாட்டீர்களா? யாரைப் பார்த்து என்ன பேசுகிறீர்கள் தம்பி? அடுத்தவன் பெண்டாட்டி மேல் கை வைப்பேனா நான்? எனக்கென்று ஒரு ஒழுக்கம் இருக்கிறது.